வாண்டில் ஆற்றில் பால் ஓடிய வாரம்

ஆற்றுக்குக் காவலாள் என்பது, செய்கிறவனுக்கு மட்டும் வேலையாகத் தெரிகிற ஒரு வேலை. கால் விறைக்கத் தண்ணீருக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று மனைவி றெஜினா கேட்பாள். "சரளைக் கல்லைக் கிண்டிக் கழுவினேன்" என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெயிலிலும் மழையிலும் வெளியே நின்று பிழைக்கிற, மாலையானால் செய்த வேலையைக் காட்ட முடியாமல் விழிக்கிற சகபாடிகளே, இது உங்களுக்குத்தான் விளங்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் நான் வாண்டில் ஆற்றைப் பராமரிக்கிற சின்ன அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தேன். சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி, தென் லண்டனில் மிச்சம், கோலியர்ஸ் வுட் என்கிற ஊர்களில் எங்கள் தமிழ் ஆட்களின் வீட்டுப் பின்புறங்களைத் தொட்டுக்கொண்டு தேம்ஸுக்குப் போகிற ஆறு. ஒரு காலத்தில் சாயப்பட்டறைகள் எல்லாம் சேர்ந்து அதைச் சாக்கடை ஆக்கி வைத்திருந்தன. என் மேலாளர் கென் மிச்சத்திலேயே பிறந்தவர். பல காலம் பஸ் ஓட்டிவிட்டு ஆற்றுக்கு வந்தவர். அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. இந்த ஆற்றிலிருந்து அழிந்துபோன ட்ரவுட் மீன் திரும்பி வந்து, இங்கேயே சரளையைக் கிண்டி முட்டையிடுவதை, பென்ஷன் எடுப்பதற்கு முன் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நான் கழுவிய கல்லெல்லாம் அதற்காகத்தான்.

பிடித்துவிட்டு விடுகிறவர்

மணியம் அண்ணன் மலேசியாக்காரர். படிக்க வந்து, கணக்காளராகி, கோலியர்ஸ் வுட்டில் வீடு வாங்கி நிலைத்துவிட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்குக் கதிரை, பச்சைக் குடை, விலை சொல்லக் கூசுகிற தூண்டில் சகிதம் ஆற்றங்கரையில் இருப்பார். தூண்டில் லைசென்ஸ் பார்க்கிற சாட்டில் நானும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியது. வலையில் ஏந்தி, கையை நனைத்துக்கொண்டு, கொக்கியைப் பூப்போலக் கழற்றினார். பிறகு மீனின் தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பி, தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் மூச்சு வாங்கி முடித்து, தானாகவே அவர் கையை விட்டுப் போனது. "போயிருச்சு பாத்தியா தம்பி, ராஜா மாதிரி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாலத்தில் நின்று சிவநேசன் அண்ணை இதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அங்கே ஒரு சைவக் கோயிலின் பரிபாலன சபையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மச்சம் வாயில் வைக்காத மனிதர், ஆனாலும் மீனைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. கீழே இறங்கி வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி ஜூட், பிடிச்சவருக்கும் பசியில்லை, பிடிபட்டதுக்கும் சாவில்லை. பின்னை நடுவிலை என்னத்துக்கு இந்தத் தூண்டில்?"

நீலமாக ஒன்று

கோலியர்ஸ் வுட்டில் ஆற்றை ஒட்டி ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அதன் பின்பக்கம் வழியாக ஆறு போகிறது என்பது அங்கே சாமான் வாங்குகிற பலருக்குத் தெரியாது. ஒரு காலையில் நான் தண்ணீருக்குள் இறங்கி, யாரோ தள்ளிவிட்ட தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். காசாளராக வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, யூனிபோர்மோடு வேலியருகே வந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மீன்கொத்தி ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவால் போனது.

மீன்கொத்தியைக் கண்டவர்களுக்குத் தெரியும்: அது பறவையாகத் தெரிவதற்கு முன்னால் நிறமாகத்தான் தெரியும். நீலம் ஒரு கோடாக இழுபட்டுப் போய், அந்தத் தள்ளுவண்டியின் கைபிடியிலேயே குந்தியது. நான் வண்டியை இழுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அது தண்ணீரைப் பார்த்தது, விழுந்தது, வாயில் வெள்ளியாக ஒன்று துடிக்கத் திரும்பி வந்தது, போய்விட்டது. எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் அடிக்கிறது. அந்தப் பிள்ளை போனில் இருந்தவரை மறந்து என்னைக் கேட்டாள்.

"அண்ணை, இது நெடுகலும் இஞ்சைதான் இருந்ததோ? நான் இவ்வளவு காலமும் பிறேக் நேரம் உள்ளுக்கையல்லோ இருந்தனான்!"

விலாங்கு ஏறிய தூரிகை

வசந்தம் முடிகிற நேரத்தில் தடுப்பணைகளுக்குப் பக்கத்தில் நாங்கள் மூடி போட்ட ஒரு சாய்ந்த பலகையை வைப்போம். அதன் மேல், கூட்டுகிற தும்புத்தடியின் தும்பு மாதிரி அடர்த்தியான மயிர். தண்ணீர் சும்மா கசிந்துகொண்டிருக்கும். விலாங்குக் குஞ்சுகள் அந்த மயிருக்குள் நெளிந்து நெளிந்து ஏறி அணையைக் கடந்துவிடும். முதன்முறை கென் மூடியைத் திறந்து காட்டியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகுதான் அந்தப் பலகை முழுவதும் அசைவது தெரிந்தது. நூல் கணக்கில் தடிப்பம், ஊசிமுனை மாதிரிக் கண். அத்தனையும் மேலே போவதிலேயே குறியாக இருந்தன.

இவை பிறந்தது அத்திலாந்திக் சமுத்திரத்தின் அந்தப் பக்கத்தில், என்றார் கென். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, வழி காட்ட ஆளும் இல்லை. கடல் நீரோட்டத்தில் வருடக் கணக்காக மிதந்து, தேம்ஸைக் கண்டுபிடித்து, அதற்குள் வாண்டிலைக் கண்டுபிடித்து, பஸ் டிப்போவுக்கும் டயர்க் கடைக்கும் இடையில் இருக்கிற இந்த அணைக்கட்டுக்கு வந்திருக்கின்றன. நான் மன்னாரில் பிறந்தவன். கடலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்திருந்தவன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு முழங்காலில் இருந்து பார்த்தேன். கென் மூடியை மெதுவாக வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"நான் பிறந்ததிலிருந்து மிச்சத்தை விட்டு வெளியே குடியிருந்ததில்லை, ஜூட். இதுகளைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது."

உயிரோடு இருக்கிற மீனுக்கு ஐஸ்

ஒரு மாரிகாலம், ட்ரவுட் முட்டைகளைப் பொரிக்க வைத்து வளர்க்க இடம் தேடினோம். எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டேன். பாதர் சரி என்றார். அந்தோனியார் சொரூபத்துக்குக் கீழே ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் சரளை, பக்கத்தில் தண்ணீரைக் குளிராக வைத்திருக்கிற மெஷின். செபமாலை சொல்லும்போது அந்த மெஷினும் சேர்ந்து முணுமுணுக்கும். முட்டை என்றால் செம்மஞ்சள் பாசிமணி. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண். பூசை முடிந்து சனம் வரிசையில் வந்து பார்த்தது. மன்னார் ஆட்களும் யாழ்ப்பாணத்து ஆட்களும், கைக்குழந்தையை நீட்டிக் காட்டுகிறவர்களுமாக, மண்டபத்தில் ஒரு பேச்சில்லை. அவ்வளவு பேரும் ஒருமித்து மௌனமாக நின்றதைப் பாதர் பூசை நேரத்தில்கூடக் கண்டிருக்க மாட்டார். பிறகு ஒருவர் எத்தனை மாதத்தில் குழம்புக்கு வரும் என்று விசாரித்தார், அது வேறு.

குஞ்சு பொரித்துச் சரளைக்குள் கிடந்த நாட்களில் தவக்காலம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிய மண்டபத்தில் கஞ்சி. கஞ்சியைச் சூடாக வைத்திருக்கிற பெரிய மின்சாரப் பானைக்கு பிளக் தேவைப்பட்டிருக்கிறது. யாரோ மெஷினைக் கழற்றிவிட்டு அதைச் சொருகிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகி, குஞ்சுகள் சரளையை விட்டு மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ட்ரவுட் மீனுக்குக் குளிர்தான் மூச்சு. மெஷினைத் திரும்பப் போட்டாலும் அது குளிராக்கி முடிக்க நேரமெடுக்கும். டூட்டிங் மீன்கடைக்குப் பறந்து போனேன். கடைக்காரர் அறக்குளா மீனைத் தள்ளிவிட்டு ஐஸை அள்ளிப் பைகளில் கட்டித் தந்தார். அந்தப் பைகளைக் கட்டியபடியே தொட்டியில் மிதக்க விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகள் கீழே இறங்கின. கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் நின்ற றெஜினா சொன்னாள்.

"மீனுக்கு ஐஸ் போட்ட ஆக்களை நானும் கனக்கக் கண்டிருக்கிறன். சாகக் கூடாதெண்டு போட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

மணக்கிற தண்ணீர்

பங்குனி பிறந்துவிட்டது. குஞ்சுகள் வயிற்றோடு கொண்டுவந்த சாப்பாட்டைத் தின்று முடித்து நீந்தத் தொடங்கிவிட்டன. சனிக்கிழமை அவற்றை ஆற்றில் விடுவதாக ஏற்பாடு. இனிமேல் தொட்டியில் வைத்திருந்தால் ஒன்றையொன்று நெருக்கிச் செத்துவிடும். விடுகிற இடமும் தயார். மிச்சத்தில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், மழைநீர்க் குழாய் ஒன்று ஆற்றில் வந்து விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மாரி முழுக்க நாங்கள் சரளை கொட்டி வைத்திருந்தோம். அதற்கு மேலே தடுப்பணையும் சேறும்தான்; வேறு இடம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை கென் போன் எடுத்து, உடனே வா என்றார். போனேன். ஆறு அந்தக் குழாய்க்கு மேலே கண்ணாடி. குழாய்க்குக் கீழே வெள்ளை. எங்கள் சரளைக்கு மேலே சின்னச் சின்ன மீன்கள் பக்கவாட்டில் சரிந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. சில வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டன. பெயின்ட் கழுவி ஊற்றியிருக்கிறார்கள் என்றார் கென். அவருக்கு முகம் சிவந்துபோயிருந்தது. நான் குழாய் வாயில் குனிந்து கையில் ஏந்தி மணந்து பார்த்தேன். பால். பாலோடு பன்னீர். பன்னீரோடு சந்தனம். ஒரு செவ்வந்தி இதழ் வந்து என் விரலில் ஒட்டியது.

பால் தண்ணீரில் அழுகும்போது, தண்ணீரில் இருக்கிற மூச்சையெல்லாம் அதுவே எடுத்துவிடும். பால் கொட்டிய ஆற்றில் மீன் மூச்சுத் திணறித்தான் சாகும். அது எனக்குத் தெரியும். இந்த மணம் எங்கேயிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சிவநேசன் அண்ணையின் கோயில் சில மாதங்களுக்கு முன்தான் அந்தத் தொழிற்பேட்டைப் பண்டகசாலை ஒன்றுக்கு இடம் மாறியிருந்தது. நான் சொல்லச் சொல்ல, கென்னும் குனிந்து ஒருமுறை மணந்தார்.

"இந்த ஆற்றில் நான் மணக்காத சாமான் இல்லை, ஜூட். ஆனால் இவ்வளவு நல்ல வாசத்தில் மீன் சாவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

கக்கூசுக்குள் போகக் கூடாதது

கோயில் முற்றத்து வடிகாலில் கென் ஒரு போத்தல் பச்சைச் சாயம் ஊற்றினார். மீனுக்குக் கேடில்லாத சாயம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் அதுதான் வழி. நான் ஆற்றங்கரையில் காத்திருந்தேன். குழாய் வாயில் பச்சை வந்தது. மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டியதை அறிவித்தோம். அவர்கள் ஆள் அனுப்பி, பார்த்து, குழாயை மாற்றச் சொல்லி ஆர்டர் போட வாரங்கள் போகும். எங்களுக்கு இருந்தது சனிக்கிழமை வரைக்கும். அதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை பங்குனி உத்தரம். பாற்குடப் பவனி. திங்கட்கிழமை ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடனுக்கு ஊற்றிய பாலே மீனைக் கொன்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஊர்ப்பட்ட பெண்கள் தலையில் குடம் ஏற்றி வரப்போகிறார்கள்.

சிவநேசன் அண்ணை கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். சிலுவை போடுகிற வேதக்காரன் வந்து அபிஷேகத்தைப் பற்றிக் குறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் கோபப்படவில்லை. செத்த மீன்கள் என்றதும் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் குந்திவிட்டார். "பால் எப்பிடித் தம்பி அழுக்காகும்?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். கட்டடம் எடுத்தபோது, குழாய் வேலைக்காரன் கருவறைத் தண்ணீரைக் கழிப்பறைக் குழாயோடு இணைக்கத்தான் பார்த்திருக்கிறான். இவர்தான் தடுத்திருக்கிறார். சாமி மேல் பட்ட தண்ணீர் மலத்தோடு கலப்பதா? அதற்காக மேலதிகச் செலவு செய்து, தனிக் குழாய் போட்டு, மழைத்தண்ணீர் போகிற சுத்தமான வழியில் விட்டிருக்கிறார். மழைத்தண்ணீர் ஆற்றுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டார். அபிஷேகத் தீர்த்தம் ஆற்றில் சேர்வதைவிட வேறென்ன நல்லது? பக்தியில் ஒரு குறையும் இல்லை. மீன் மட்டும் செத்துவிட்டது.

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஒருநாளைக்காவது மற்றக் குழாயில் விடுங்கள் அண்ணை என்று கேட்டேன். அவருடைய கண் நிரம்பிவிட்டது.

"குஞ்சு மீனைக் கொல்லவும் எனக்கு மனமில்லை. கடவுளுக்கு ஊத்தினதைக் கக்கூசுக்குள்ளை விடச் சொல்லவும் என்ரை வாய் வராது தம்பி."

கும்பிட்ட கழிவுநீர்

வியாழக்கிழமை அவரே போன் எடுத்தார். இரவெல்லாம் யோசித்தேன் என்றார். ஊர்க் கோயில்களில் கருவறையிலிருந்து வருகிற கோமுகித் தண்ணீர் நந்தவனத்துக்குத்தானே பாயும். லண்டனில் நந்தவனத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, தன்னுடைய தோட்டம் நினைவுக்கு வந்ததாம். கவுன்சில் துண்டு துண்டாக வாடகைக்குக் கொடுக்கிற தோட்டக் காணிகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் கீரையும் பூசணியும் போட்டிருந்தார்கள். தண்ணீர் நிறையக் கலந்து பரவலாக விட்டால் மண் தாங்குமா என்று கேட்டார். கென்னிடம் கேட்டேன். தாங்கும் என்றார் கென், அவருக்கும் அங்கே ஒரு துண்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை, டயர்க் கடை வாசலால் பெண்கள் பாற்குடத்தோடு வந்தார்கள். ஆபீஸ் வேலைக்காரிகளும் நர்ஸ்மாரும் லீவு எடுத்துப் பட்டுச் சேலை கட்டி, காலில் ஒன்றுமில்லாமல், அந்தக் குளிரில் தார் ரோட்டில் நடந்தார்கள். டயர்க் கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார்கள். குடம் குடமாகப் பால் இறங்க, முருகன் வெள்ளையாகிக்கொண்டே போனார். நான் சிலுவை போட்டுப் பழகிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பின்பக்கம், வடிகாலை அடைத்து, பெரிய ரப்பர் குழாய் பூட்டி, சிவநேசன் அண்ணையின் கடைக்கு ஊறுகாய் வந்த நீலப் பீப்பாய்களில் அவ்வளவையும் பிடித்தோம். சிலுவைப்பாதை முடித்து எங்கள் பங்கு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வளர்த்த மீனல்லவா? வேதக்காரர் ஒரு பக்கமும் சைவக்காரர் மறுபக்கமுமாகப் பீப்பாயைத் தூக்கி கென்னின் பிக்கப்பில் ஏற்ற, வழியில் நின்ற தாய்மார் ஒவ்வொரு பீப்பாயையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு சொட்டுக்கூட ஆற்றுக்குப் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னதால் வெறுங்காலோடு, நெற்றியில் யாரோ பூசிவிட்ட திருநீற்றோடு, கென் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி இருந்தார்.

"எத்தனையோ வருஷமாகக் கழிவுநீர் சுமக்கிறேன். ஆட்கள் கும்பிட்டு வழியனுப்பிய முதல் கழிவுநீர் இதுதான்."

நெத்தலியின் பேரப்பிள்ளை

சனிக்கிழமை விடிய முதல் வேலையாகத் தண்ணீரைச் சோதித்தோம். நன்றாக இருந்தது. பூசை முடித்து சனம் ஆற்றங்கரைக்கு வந்தது. சிவநேசன் அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மணியம் அண்ணன் தூண்டில் இல்லாமல் வந்து, இந்த இடத்துப் பக்கம் தான் கதிரையே போடப்போவதில்லை என்று என்னிடம் சத்தியம் பண்ணினார். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையில் குஞ்சுகளைக் கொடுத்தோம். சரித்து ஊற்றக் கூடாது, கோப்பையைத் தண்ணீருக்குள் வைத்து அதுவாகப் போகும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருந்தோம்.

அவை போய்விடும், கண்ணுக்குத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போகவில்லை. கோப்பையை விட்டு இறங்கிய ஒவ்வொன்றும் சரளைக்கு மேலே, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. ஆறு முழுவதும் வந்து அதன் மேல் மோதியது. பிறந்ததிலிருந்து ஓடுகிற தண்ணீரைக் கண்டிராத உயிர். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? தொட்டிக்கு வாரம் முழுக்கக் காவல் இருந்த றெஜினா கோப்பையோடு குந்தியிருந்து பார்த்தாள்.

"நெத்தலிக்குப் பேரப்பிள்ளை மாதிரி இருந்துகொண்டு, ஆறு முழுக்கத் தள்ளியும் அசையுதில்லையே!"

கழற்றிய சப்பாத்து

அதன் பிறகு கோயிலில் முற்றத்தோடு ஒரு தொட்டி கட்டி, அபிஷேகத் தண்ணீரைத் தோட்டத்துக்கு எடுக்கிற ஒழுங்கு நிரந்தரமாகிவிட்டது. அந்தக் குழாயால் இப்போது மழை மட்டும்தான் வரும். குஞ்சுகளில் எத்தனை தப்பின என்று யாருக்கும் தெரியாது. நாரை தின்றிருக்கும், வெள்ளம் அடித்திருக்கும். மாரிகள் வந்து போயின. ஒவ்வொரு மாரியும் கென் அந்த இடத்துக்குப் போய் நின்று பார்ப்பார். ஒன்றையும் காணாமல் திரும்பி வருவார். அவருடைய கடைசி மாரியும் வந்துவிட்டது. பென்ஷன் நாள் குறித்தாகிவிட்டது, பிரியாவிடைக்கு கேக்கும் சொல்லியாகிவிட்டது.

மார்கழியில் ஒரு காலை, குழாய் வாயில் அடைத்திருந்த இலையைக் கிண்டி எடுக்க நான் தண்ணீருக்குள் நின்றேன். கென் கரையில் இருந்தார். கோயிலுக்குப் பூச்சாமான் கொண்டுவந்த சிவநேசன் அண்ணை எங்களைக் கண்டு இறங்கி வந்தார். அசையாதே என்றார் கென். அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. எனக்குச் சற்றுக் கீழே, நாங்கள் கொட்டிய சரளையில், முழங்கை நீளத்துக்கு ஒரு ட்ரவுட் பெட்டை பக்கவாட்டில் சரிந்தது. பொன் நிறத்தில் சிவப்புப் புள்ளி. வாலால் சரளையை அடித்தது, கல் எழும்பியது, குழியில் புதுக் கல் வெள்ளையாகத் தெரிந்தது. மறுபடி சரிந்து, மறுபடி அடித்தது. பின்னால் ஒரு கடுவன் நடுங்கிக்கொண்டே வந்து அணைந்தது. இரண்டும் வாயை அகலத் திறந்தன. தண்ணீரில் ஒரு கணம் பால்நிறமாகச் சின்னப் புகை எழும்பிக் கரைந்தது. பிறகு பெட்டை மேலே போய், அந்தக் குழியைக் கல்லால் மூடத் தொடங்கியது.

இந்த ஆற்றில் இனிமேல் ட்ரவுட் உண்டு. நாங்கள் கொண்டுவந்து விடத் தேவையில்லை. கென் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதார். நானும் அழுதேன். பக்கத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சிவநேசன் அண்ணை புல்லில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உறைபனியில் வெறுங்காலை ஊன்றி எழும்பி, தண்ணீரைப் பார்த்தபடியே கையைக் கூப்பினார். கென்னும் அவரைப் பார்த்துவிட்டுத் தன் நாடாவில் கை வைத்தார். மீனுக்குக் கேட்டுவிடும் என்பது போல, சிவநேசன் அண்ணை மெல்லிய குரலில் என்னைக் கடிந்துகொண்டார்.

"தம்பி, இப்பிடி நடக்கிற இடமெண்டு முதலே சொல்லியிருந்தால், நான் மேலை ரோட்டிலையே கழட்டிப்போட்டு வந்திருப்பன்."

நான் மட்டும் கழற்றவில்லை: ஆற்றுக் காவலாளின் சப்பாத்து நெஞ்சு வரைக்கும் வருகிற சாமான், இந்தத் தொழிலில் நாங்கள் கும்பிடுவதென்றாலும் உள்ளே தண்ணீர் போகாமல்தான் கும்பிட வேண்டியிருக்கிறது.